பங்குனி மாதத்து அருவிச் சத்தம்

என் கணவருடைய பெரியப்பா மகனுக்குக் குற்றாலத்தில் ஒரு ரிசார்ட் இருக்கிறது. ஐந்தருவிச் சாலையிலிருந்து பிரியும் மண்பாதையின் கடைசியில், தென்னந்தோப்பை வெட்டிக் கட்டியது. முறைப்படி நான் அவரை அத்தான் என்று கூப்பிடுவேன். வேலைக்காரர்கள் முதலாளி என்பார்கள். அவருக்குப் பிடித்தது 'சார்'.

அந்த ரிசார்ட்டின் பெயரில் 'ஃபால்ஸ்' என்ற சொல் இருக்கிறது. பெயர்ப்பலகையில் அருவிப் படம் இருக்கிறது. அறைக்கு அறை தருகிற துண்டின் மூலையில் நீல நூலால் அருவி தைத்திருக்கிறது. இடத்தில்தான் அருவி இல்லை. ஆனி, ஆடிச் சாரல் காலத்தில் அதைப்பற்றி யாரும் கேட்பதில்லை. பையை வைத்துவிட்டு ஐந்தருவிக்கு நடந்து போய்விடுவார்கள். பங்குனியில் அப்படி முடியாது. மெயினருவிப் பாறை வெயிலில் வெந்து கிடக்கும். யாரோ மேலே நின்று குடத்தைச் சாய்த்த மாதிரி ஓரத்தில் கொஞ்சம் ஒழுகும். வந்தவர்கள் அதைப் பார்த்துவிட்டுத் திரும்பி, அறையில் ஏசியைப் போட்டுக்கொண்டு, போனில் ஒற்றை நட்சத்திரம் போடுவார்கள். 'அருவி இல்லை' என்று எழுதுவார்கள். மழை பெய்யாததற்குத் தன்னை ஏன் திட்டுகிறார்கள் என்று அத்தானுக்கு ஆத்திரம். பலகையில் படத்தைப் போட்டது யார் என்று நாங்கள் யாரும் கேட்கவில்லை. குடும்பத்தில் அவரிடம் அந்த மாதிரிக் கேள்வி கேட்கும் வழக்கம் கிடையாது.

ஆகவே அவர் சென்னையிலிருந்து ஓர் ஆலோசகரை வரவழைத்தார். செதுக்கிய தாடி, கணுக்காலுக்கு மேலே நின்றுவிட்ட கால்சட்டை, எந்த வாக்கியத்தைத் தொடங்கினாலும் 'எக்ஸ்பீரியன்ஸ்' என்று முடிக்கிற பழக்கம். அருவி இல்லாவிட்டால் பரவாயில்லை, அருவியின் எக்ஸ்பீரியன்ஸ் இருந்தால் போதும் என்பது அவர் கண்டுபிடிப்பு. தோட்டம் முழுக்கப் பாறை மாதிரிச் செய்த பிளாஸ்டிக் ஸ்பீக்கர்களைப் புதைத்து, இணையத்திலிருந்து ஏதோ ஒரு வெளிநாட்டு அருவியை இறக்கி ஓடவிட்டார். அந்த ஒலிப்பதிவில் ஒரு பறவையும் இருந்தது. பதிவு முடிந்து மறுபடி தொடங்கும்போதெல்லாம் அதே பறவை அதே இடத்தில் அதே குரலில் கத்தியது. மாலைக்குள் குழந்தைகள் அதனோடு சேர்ந்து கத்த ஆரம்பித்துவிட்டார்கள்.

அதற்குப் பிறகுதான் அத்தானுக்கு என் ஞாபகம் வந்தது.

தென்காசியில் எங்கள் வீட்டு மாடியறையில் சின்தசைசர் என்ற மின்னிசைப் பெட்டியும் கம்ப்யூட்டரும் வைத்திருக்கிறேன். நகைக்கடை விளம்பரத்துக்குப் பின்னணி இசை, கோயில் கொடைவிழாவுக்குப் பாட்டு, பள்ளி ஆண்டுவிழாவுக்கு நடன இசை என்று ஏதாவது வந்துகொண்டிருக்கும். உறவினர்கள் இதைப் 'பொட்டி தட்டுதா', அதாவது பெட்டி தட்டுகிறாள், என்ற இரண்டே சொல்லில் முடித்துவிடுவார்கள். கல்யாண வீடுகளில் யாராவது என்னைக் காட்டி, "இவ வீட்டுல இருந்தே பொட்டி தட்டுதா" என்று சொல்லும்போது அதில் இரக்கம்தான் அதிகமாக இருக்கும்.

அத்தான் எங்கள் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து காபியைக் குடித்து முடித்துவிட்டுக் கேட்டார்.

"ஏம்மா, உன் பொட்டியில அருவி வருமா?"

"எந்த அருவி அத்தான்?"

"எந்த அருவின்னா? தண்ணி விழுத அருவிதான். அந்தத் தம்பி போட்டதுல பறவை கத்துது. நீ பறவை இல்லாமச் செஞ்சு குடு."

தாலுகா அலுவலகத்திலிருந்து அப்போதுதான் வந்திருந்த என் கணவர், நான் பதில் சொல்வதற்குள், "அதெல்லாம் செஞ்சிருவா அண்ணாச்சி" என்றார். அவருக்கு அந்தப் பொட்டியை எந்தப் பக்கம் திறப்பது என்றுகூடத் தெரியாது.

சின்தசைசரில் ஒரு சத்தம் செய்வது அப்படி ஒன்றும் மந்திரம் இல்லை. முதலில் ஒரு மூலச் சத்தம் வேண்டும். அருவிக்கு அது வெறும் இரைச்சல். பழைய டிவியில் ஒளிபரப்பு போய்விட்டால் உஸ்ஸென்று வருமே, அது. அதை அப்படியே விட்டால் சுவர் மாதிரி அசையாமல் நிற்கும். அதற்கு உருவம் கொடுப்பதற்கு என்வலப் என்று பெயர். விரலை அழுத்தியதும் சத்தம் எத்தனை வேகமாக மேலேற வேண்டும், ஏறியபின் எவ்வளவு தணிய வேண்டும், விரல் இருக்கும்வரை எந்த அளவில் நிற்க வேண்டும், விரலை எடுத்ததும் எத்தனை மெதுவாக அடங்க வேண்டும் என்பதற்கு நான்கு குமிழ்கள் இருக்கின்றன. ஒரே இரைச்சலைச் சட்டென்று ஏற்றிச் சட்டென்று இறக்கினால் கைதட்டல். மெதுவாக ஏற்றி மெதுவாக இறக்கினால் கடல் அலை. நடுவில் எங்கோ நிறுத்தினால் தோசைக்கல்லில் மாவு விழும் சத்தம். இதை அத்தானுக்கு விளக்கியபோது அவர் ஒரே ஒரு சந்தேகம் கேட்டார்.

"என்வலப்புன்னா, மொய்க் கவரா?"

முதல் முயற்சியை நான் வீட்டிலிருந்தபடியே செய்தேன். இரைச்சலை மெதுவாக ஏற்றி, அப்படியே நிற்கவைத்து, மேலே உள்ள கீச்சுச் சத்தத்தை மட்டும் வடிகட்டினேன். ரிசார்ட்டுக்குக் கொண்டுபோய்ப் போட்டுக் காட்டினேன். அத்தான் கண்ணை மூடிக் கேட்டார்.

"கேபிள்காரன் லைனக் கட் பண்ணின மாரி இருக்கு."

ஆலோசகரும் கண்ணை மூடித்தான் கேட்டார். திறக்கும்போது முகத்தில் அவ்வளவு வருத்தம். "சவுண்ட் ஓகே மேம். ஆனா இதுல ஒரு ஸ்டோரி இல்ல" என்றார்.

இரைச்சலில் கதை கேட்கும் ஆளிடம் என்ன பேசுவது? ஆனால் அத்தான் சொன்னது சரிதான், அதுதான் எனக்கு எரிச்சலாக இருந்தது. மறுநாள் காலையில் ஐந்தருவிக்குப் போனேன். அங்கே ஒரு பிரிவில் மட்டும் கொஞ்சம் தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது. பெண்கள் பக்கத்தில் நாலைந்து பேர் அதை முறைவைத்துத் தலையில் வாங்கிக்கொண்டிருந்தார்கள். நான் சேலையோடு தண்ணீருக்குப் பக்கத்தில் போய் நின்று, கண்ணை மூடிக் காதைக் கொடுத்தேன்.

"ஏட்டி, குளிக்க வந்தியா, சாமி கும்பிட வந்தியா?" என்று பின்னாலிருந்து ஒரு குரல். "ரெண்டும் இல்லன்னா தள்ளு."

தள்ளி நின்று கேட்டேன். அருவி ஒரே சத்தம் இல்லை. அடியில் ஓர் இரைச்சல் இருக்கிறது, உண்மைதான். ஆனால் காது அதைச் சீக்கிரம் மறந்துவிடுகிறது. காதில் விழுவது வேறு. மேலேயிருந்து தண்ணீர் கட்டி கட்டியாகத்தான் வருகிறது. ஒவ்வொரு கட்டியும் பாறையில் தனித்தனியாக அறைகிறது. அறையும் சத்தம் உடனே எழுந்து உடனே செத்துப்போகிறது. காற்று தண்ணீரை ஓரமாகத் தள்ளும்போது எல்லாம் சேர்ந்து கொஞ்சம் தணிந்து மறுபடி ஏறுகிறது. நான் செய்து வைத்திருந்ததில் ஏற்றம் இருந்தது, நிற்பது இருந்தது, பாறையில் அறையும் அடி மட்டும் இல்லை.

வீட்டுக்கு வந்து எல்லாவற்றையும் அழித்துவிட்டு மறுபடி தொடங்கினேன். அடியில் மெதுவாக எழுந்து மெதுவாக அடங்கும் இரைச்சல். அதன்மேல் மூச்சு மாதிரி ஏறி இறங்கும் இன்னொன்று. அதற்கும் மேலே பாறையில் விழும் அந்த அறைகள்: எழ நேரமே கொடுக்காமல், நிற்கவும் விடாமல், விழுந்ததும் சாகும் சின்னச் சின்னச் சத்தங்கள். ஒன்று போல் இன்னொன்று இருக்காதபடி ஒவ்வொன்றின் தணிவையும் கையாலேயே மாற்றினேன். தணிவைக் கொஞ்சம் கூட்டினால் சாணியை எறிந்த மாதிரி இருக்கும். குறைத்தால் பொரிகடலை கொறிப்பது மாதிரி. இந்த இரண்டுக்கும் நடுவில் தண்ணீர் இருக்கும் இடத்தைக் கண்டுபிடிக்க ஒரு வாரத்துக்கு மேல் ஆனது. அந்த வாரம் முழுக்க வீட்டில் மோர்க்குழம்பு தவிர வேறு குழம்பு இல்லை.

ஒரு சாயங்காலம் என் கணவர் மாடிப்படியில் பாதி ஏறி நின்று கத்தினார். "ஏட்டி, குழாய மூடலையா? மோட்டார் தண்ணி பூரா போவுது!"

பிறகு அவரே இறங்கிக் குளியலறைக்குப் போய்ப் பார்த்தார். கொல்லைக் குழாயையும் பார்த்தார். மேலே வந்தவர் என்னையும் ஸ்பீக்கரையும் மாறிமாறிப் பார்த்துவிட்டு, "இது கரண்டு பில்லக் கூட்டும்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். அதைவிடப் பெரிய பாராட்டு அவரிடமிருந்து வந்ததில்லை.

ரிசார்ட்டில் அதைப் பொருத்திய நாளில் ஒரு சின்ன விழா வைத்தார்கள். குத்துவிளக்கு, பூசணிக்காய் எல்லாம் உண்டு. அத்தான் பேசும்போது ஆலோசகருக்கு மாலை போட்டு, "இவரோட ஐடியா" என்றார். என்னைக் காட்டி, "நம்ம வீட்டுப் பொண்ணு, பொட்டி வாசிக்கும், கூடமாட ஒத்தாசை பண்ணிச்சு" என்றார். கூட்டத்தில் சிலர் கைதட்டினார்கள். எழ நேரமில்லாமல் எழுந்து உடனே செத்துப்போன கைதட்டல்.

வரவேற்பு மேசையில் இருக்கும் பெண் ஒரு பொத்தானை அழுத்தினால் சத்தம் தொடங்கும். ஆள் இல்லாத நேரத்தில் அணைத்துவிட வேண்டும் என்பது அத்தானின் கட்டளை. அதற்காகவே நான் முழுச் சத்தத்துக்கும் மேலே இன்னொரு என்வலப் போட்டிருந்தேன். பொத்தானை அழுத்தினால் அருவி மெல்ல மெல்ல எழும். எப்போது தொடங்கியது என்று தெரியாது, இத்தனை நேரம் நாம்தான் கவனிக்கவில்லை போலிருக்கிறது என்று தோன்றும். ஆலோசகருக்கு அது பிடிக்கவில்லை.

"மேம், கெஸ்ட் கேட்டைத் தாண்டுனதும் ஒரு 'வாவ்' வரணும். இவ்வளவு ஸ்லோவா வந்தா எக்ஸ்பீரியன்ஸ் எங்க?"

"அருவி கதவுக்குப் பின்னால ஒளிஞ்சிருந்து பயமுறுத்தாது" என்றேன்.

அத்தான் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "அவர் படிச்சவரும்மா. அவர் சொல்லுதபடியே விடு."

நானும் படித்தவள்தான். என் இன்ஜினியரிங் பட்டம் கல்யாணப் பத்திரிகையில் பெயருக்குப் பின்னால் அச்சாகியிருந்தது. அத்தோடு அதன் வேலை முடிந்துவிட்டது என்று இரு வீட்டாரும் நினைத்துவிட்டார்கள். நான் குமிழைத் திருப்பி ஏற்றத்தை அடியோடு எடுத்துவிட்டு வீட்டுக்கு வந்தேன்.

அந்த வாரக் கடைசியில் புளியறை வழியாகக் கேரளத்திலிருந்து ஒரு கார் வந்தது. கேட்டுக்குள் நுழைந்ததும் வரவேற்புப் பெண் பொத்தானை அழுத்தினாள். இரண்டு பக்கத்துச் செடிக்குள்ளிருந்தும் முழு அருவி ஒரே அடியாகப் பாய்ந்தது. காரை ஓட்டியவர் மலையிலிருந்து காட்டாற்று வெள்ளம் இறங்குகிறது என்று நினைத்துவிட்டார். குற்றாலத்தில் அப்படி நடக்காத விஷயமும் இல்லை. பிரேக் போட்டு, அதே வேகத்தில் பின்னால் எடுத்து, பெயர்ப்பலகையில் வரைந்திருந்த அருவியை இடித்துச் சாய்த்துவிட்டு, மண்பாதையில் தூசி பறக்கப் போயேவிட்டார். பிறகு போன் போட்டால்கூட எடுக்கவில்லையாம்.

அத்தான் எனக்குப் போன் செய்தார். "ஏம்மா, அந்தச் சத்தத்த இப்படியா வைப்பிய? நீயாவது சொல்லியிருக்கக் கூடாதா?"

 போய்ப் பழையபடி மெதுவான ஏற்றத்தை வைத்துக் கொடுத்தேன். அன்றைக்கு அங்கே இருந்ததால்தான் அடுத்து நடந்ததை நேரில் பார்க்க முடிந்தது.

கரிசல் காட்டுத் திருவேங்கடத்துப் பக்கத்திலிருந்து ஒரு குடும்பம் வந்து அறை எடுத்திருந்தது. பட்டாளத்தில் இருந்து ஓய்வுபெற்ற ஒரு பெரியவர், அவர் மனைவி, மனைவியின் தங்கை. பெரியவரின் மகன் போனிலேயே அறைக்குப் பதிவு செய்து அனுப்பிவைத்திருக்கிறான். மத்தியான வெயில் தணிந்த நேரம், நான் வரவேற்பறையில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். பெரியவர் இடுப்பில் துண்டோடு வெளியே வந்தார். உச்சி முதல் பாதம் வரை நல்லெண்ணெய் வழிந்தது. பின்னாலேயே இரண்டு பெண்களும் தலையில் எண்ணெய் சொட்ட, கையில் சீயக்காய்ப் பொட்டலத்தோடு வந்தார்கள். மூவரும் சத்தம் வந்த திசையைப் பார்த்து நடந்தார்கள். அறைகளைத் தாண்டி, ஊஞ்சலைத் தாண்டி, குரோட்டன்ஸ் செடிகளுக்குள் புகுந்தார்கள். வேலி வரை போய்த் திரும்பினார்கள். மறுபடி போனார்கள்.

கடைசியில் பெரியவர் வரவேற்பறை வாசலில் வந்து நின்றார். தரையில் எண்ணெய் சொட்டியது.

"எம்மா, அருவிக்கு எங்கன போணும்? சத்தம் இங்கனதான் கேக்கு. வழியத்தான் காணும்."

வரவேற்புப் பெண் மேசையைப் பார்த்தாள். ஆலோசகர் போனைப் பார்த்தார். அத்தான் உள்ளேயிருந்து வந்து, சிரித்த முகத்தோடு, "அது ஆம்பியன்ஸ் அண்ணாச்சி" என்றார்.

"அது எங்கன இருக்கு?"

நான் எழுந்து கூட்டிக்கொண்டு போய்ச் செடிக்குள் இருந்த பாறையைக் காட்டினேன். பெரியவர் குனிந்து அதைத் தட்டிப் பார்த்தார். டொக் டொக்கென்றது. காதை வைத்துக் கேட்டார். நிமிர்ந்தபோது அவர் குரல் பட்டாளத்துக் குரலாகிவிட்டது.

"யாருய்யா முதலாளி? தண்ணி இல்லன்னு சொல்லியிருந்தா நாங்க வீட்டுலயே குளிச்சிருப்போம்லா? சத்தத்தக் காட்டி ஆள எண்ணெ தேக்க வைக்கிய. இப்ப இந்த எண்ணெய எங்க கொண்டு கழுவ?"

"ரூம்ல ஷவர் இருக்கு அண்ணாச்சி, வென்னீரும் வரும்..."

"வென்னீர் எங்க ஊருலயும் வரும். வெயில்ல வச்சா பச்சத் தண்ணியே வென்னீர்தான். நாங்க அருவியில குளிக்க வந்தோம். ஊத்து."

"என்னது?"

"தண்ணிய ஊத்துங்கேன். அந்தா செடிக்கு ஊத்துத குழா கெடக்குல்லா, அத எடு."

அத்தான் தோட்டக்காரனைத் தேடினார். அவன் சந்தைக்குப் போயிருந்தான். ஆலோசகர் ஓரமாக நகரப் பார்த்தார். பெரியவர் அவரைக் கையால் நிறுத்தி, "நீ போய் பைப்பத் தொற" என்றார். அதுவரை யாரும் அந்த இளைஞரிடம் இத்தனை தெளிவாகப் பேசியிருக்க மாட்டார்கள். உடனே ஓடிப்போய்த் திறந்தார். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையோடு அத்தான் ரப்பர் குழாயைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார். முதலில் பெரியவர் குளித்தார். பிறகு அவர் ஒதுங்கிக்கொள்ள, பெண்கள் இருவரும் சேலையோடு நின்று சீயக்காய் தேய்த்துக் குளித்தார்கள். அத்தான் முகத்தைத் தென்னை மரத்துப் பக்கம் திருப்பிக்கொண்டு கை வலிக்கப் பிடித்திருந்தார். குழாய் நழுவும்போதெல்லாம் பாதித் தண்ணீர் அவர் சட்டைக்குள் போனது.

வரவேற்புப் பெண் பயந்துபோய்ச் சத்தத்தை அணைக்கப் போனாள். பெரியவரின் மனைவி கண்ணில் சீயக்காய் நுரையோடு கத்தினாள். "ஏளா, அத நிப்பாட்டாத! அது பாட்டுக்குக் கெடக்கட்டும்."

குளித்துவிட்டுத் தலையைத் துவட்டிக்கொண்டே என்னிடம் வந்து, "நீயாம்மா இதச் செஞ்ச?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். "நல்லாத்தான் இருக்கு. எங்க ஊருல குழாயில தண்ணி வருததுக்கு முன்னால காத்து வரும், உஸ்ஸுன்னு. அந்தச் சத்தம் கேட்டதுமே கொடத்தத் தூக்கிட்டு ஓடுவோம். பல நாளு காத்தோடயே நின்னுரும்." சொல்லிவிட்டுச் சிரித்தாள். என்னால் சிரிக்க முடியவில்லை. ஒரு வாரத்துக்கு மேல் நான் குமிழ் குமிழாகத் திருப்பிச் செய்ததெல்லாம் அந்தக் காற்றின் வேலைதான் என்று தோன்றியது.

அத்தான் மாறியிருப்பார் என்று நான் நினைத்திருந்தால் அது என் மடத்தனம். சட்டை காய்வதற்குள் அவருக்குப் புது யோசனை வந்துவிட்டது. அடுத்த முறை நான் போனபோது வேலியோரம் சிமெண்டில் ஒரு பாறை நின்றது. உச்சியில் குழாய், அடியில் டைல்ஸ், பக்கத்தில் என் சத்தம். 'ஃபால்ஸ் பாத் எக்ஸ்பீரியன்ஸ்' என்று பலகை. பட்டாளத்துப் பெரியவரைப் போல யாராவது சண்டைக்கு நிற்பார்கள் என்று நான் சுற்றிலும் பார்த்தேன். ஆனால் அங்கே இருந்தவர்கள் எல்லாம் போனை நீட்டிப் படம் எடுத்துக்கொண்டு, ஒழுகும் குழாய்க்கடியில் கூச்சலிட்டுக் குளித்துக்கொண்டிருந்தார்கள். நட்சத்திரங்கள் கூடிவிட்டன என்று ஆலோசகர் காட்டினார். ஏமாற்றப்படுவதற்கு இவ்வளவு உற்சாகமாக வரிசையில் நிற்கும் ஜனங்களைப் பார்த்தபின் அத்தானைத் திட்டுவதில் எனக்கிருந்த சுகமும் குறைந்துவிட்டது.

ஆனி பிறந்தது. தென்காசியிலேயே காற்று மாறிவிட்டது. மேற்கே மலை மூடிக்கொண்டது. அத்தான் மறுபடி கூப்பிட்டனுப்பினார். நானும் கணவரும் பைக்கில் போனோம். ரிசார்ட் வாசலில் சாரல் பெய்துகொண்டிருந்தது. சாரல் என்றால் மழை என்றுகூடச் சொல்ல முடியாது, பொடியாக முகத்தில் வந்து ஒட்டும். அத்தான் குடை இல்லாமல் நின்று போனைச் சட்டையில் துடைத்துக்கொண்டே பேசினார்.

"நம்ம பொட்டி அருவி நல்லா ஓடுதும்மா. அடுத்த கோடைக்குச் சாரல் ஒண்ணு செஞ்சு வச்சிரு. அந்தத் தம்பி ஃபேன்ல தண்ணி தெளிக்குத ஏற்பாடு பாத்துட்டான். சத்தந்தான் வேணும்."

"சாரலுக்கு ஏது அத்தான் சத்தம்?"

"ஏன், மழைக்கு இல்லையா?"

"நின்னு கேளுங்க. இப்ப பெய்யுதுல்லா, ஏதாவது கேக்குதா?"

அவர் ஒரு விநாடிகூட நிற்கவில்லை. "நீ எதச் சொன்னாலும் இப்படித்தான் குதர்க்கம் பேசுதே. அந்தத் தம்பிட்ட கேட்டா முடியும்னு சொல்லுதான்."

"அப்ப அவரையே செய்யச் சொல்லுங்க. நான் செய்யல" என்றேன்.

என் கணவர் முகம் வெளிறிவிட்டது. பெரியப்பா மகனிடம் அந்தக் குடும்பத்தில் யாரும் முடியாது என்று சொன்னதில்லை. பைக்கைக் கிளப்பி மண்பாதையில் குண்டும் குழியும் பாராமல் ஓட்டினார். சாலைக்கு வந்ததும் வண்டியை ஓரமாக நிறுத்தினார். திட்டப்போகிறார் என்று நினைத்தேன்.

"ஐந்தருவிக்குப் போயிட்டுப் போவமா?" என்றார். "துண்டு கொண்டாந்திருக்கியா?"

கொண்டுவரவில்லை. கடையில் ஒன்று வாங்கிக்கொண்டு போனோம்.